தாத்தேயாமாவில் ஸ்கீ மலையேற்றம்: எது மக்கர் செய்தால் என்ன செய்வது

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஸ்கீ மலையேற்றத்தில், அதாவது ஸ்கீயோடு பனிமலை ஏறிச் சறுக்கி இறங்குவதில், ஆசை வைப்பவர்களுக்கு நாள்காட்டிதான் முதல் தடை. மார்ச் பள்ளி விடுமுறையில் போகலாம் என்றால், ஜப்பானின் தாத்தேயாமா மலைத்தொடரில், தொயாமாவிலிருந்து முரோடோவுக்கு ஏறும் மலைப்பாதை ஏப்ரல் நடுவில்தான் திறக்கும். ஜூன் விடுமுறைக்குள் பல சரிவுகளில் பாறையும் குட்டைப் பைன் புதரும் தலைகாட்டிவிடும். மிஞ்சுவது மே தினத்தை ஒட்டிய சில நாள்கள், இல்லையென்றால் விசாக தினத்தை ஒட்டிய வார இறுதி. ஆகவே நம் குழுக்கள் பெரும்பாலும் பருவத்தின் கடைசியில்தான் போய்ச் சேர்கின்றன.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது ஒரு நாள் பயணம். முரோடோவில் (2,450 மீட்டர்) கிளம்பி, இச்சினோகோஷி கணவாய் (சுமார் 2,700 மீட்டர்) வழியாக ஓயாமா உச்சி (3,003 மீட்டர்). அங்கிருந்து மேற்கே யாமாசாகி பள்ளத்தில் சறுக்கி ராய்ச்சோசாவா கூடாரத் திடலுக்கு இறங்கி, மறுபடி ஸ்கின் (ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் மயிர்த்துணிப் பட்டை) ஒட்டி முரோடோவுக்கு ஏறி முடிக்க வேண்டும். மொத்த ஏற்றம் 700 மீட்டருக்குச் சற்று மேல்.

பருவக் கடைசியில் வெயில்தான் கடிகாரம். இரவு வானம் தெளிந்திருந்தால் பனியின் மேற்பரப்பு இறுகி உறைகிறது. காலை வெயில் அதை ஒரு விரல் ஆழத்துக்கு இளக்கும்போது சறுக்க அருமையாக இருக்கும். அதற்குப் பிறகு மணிக்கு மணி நொளநொளத்துக்கொண்டே போகும். காலையில் ஒருவருடைய பைண்டிங்கோடு (ஸ்கீ பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் கவ்வி) மல்லுக்கட்டித் தொலைத்த நேரம், மதியம் சரியக்கூடிய சரிவின் அடியில் எல்லோரும் நிற்கும் நேரமாக மாறுகிறது. அதனால்தான் சிக்கல்களை நாளின் வரிசைப்படி, சிங்கப்பூர் வீட்டிலிருந்தே தொடங்கி எழுதுகிறேன். மலையில் நின்று பழுது பார்ப்பது கடைசி வழி.

ஸ்கின்னைப் பிரித்தால் பசை நூல் நூலாக இழுக்கிறது

இது பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே வீட்டில் தெரிய வேண்டிய அறிகுறி. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வீவக வீட்டு ஸ்டோர் ரூமிலோ பாம் ஷெல்ட்டரிலோ மடித்துக் கிடந்த ஸ்கின்னின் பசை வெக்கையில் இளகி இடம் மாறிவிடும். பிரிக்கும்போது ஒரு பக்கத்துப் பசை மறுபக்கத்தோடு போய்விடும். சில இடங்களில் துணி வெறுமையாகத் தெரியும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: ஸ்கின்னை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, உடனே ஸ்கீயின் அடிப்பக்கத்தில் ஒட்டுங்கள். முன்கொக்கியையும் பின்கொக்கியையும் மாட்டாதீர்கள். ஸ்கீயை நிமிர்த்தி நிறுத்திக் குலுக்கினால் ஸ்கின் உரிந்து தொங்குகிறதா என்று பாருங்கள். வீட்டுச் சூட்டில் நன்றாகவே ஒட்டும் பசை, குளிரில் ஒட்டாமல் போவது இப்படித்தான் தெரியவரும்.

பசை இருந்தும் மேடு பள்ளமாக இருந்தால், பேக்கிங் பேப்பரை மேலே விரித்து இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் தேய்த்துச் சமப்படுத்தலாம். காகிதத்தை ஆறிய பிறகுதான் உரிக்க வேண்டும். துணி தெரிந்தாலோ, ஸ்கீயின் அடியில் பிசுக்கு தங்கினாலோ, பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை போட வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, ஒரு வார இறுதி அதற்கே போய்விடும். பயணம் முடிந்து வந்ததும் நன்றாக உலர்த்தி, நடுவில் வலைத்துணி வைத்து மடித்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பையில் ஏசி அறையில் வையுங்கள். கேமராவுக்கென்று டிரை பாக்ஸ் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அதில் ஒரு மூலை கேட்டு வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

ஸ்கீ பூட்டில் கொக்கியைச் சுற்றி மயிரிழைக் கீறல்

பழைய பாலியூரித்தேன் பூட் என்றால் அதோடு மலைக்குப் போகாதீர்கள். ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கின் பிணைப்பைப் பல ஆண்டுகளாக உள்ளுக்குள்ளேயே அறுத்திருக்கும். அலமாரியில் கிடந்த காலணியின் அடிப்பாகம் நடுவழியில் பொலபொலவென்று உதிர்ந்ததைப் பார்க்காத சிங்கப்பூர்க் குடும்பம் குறைவு. இங்கும் அதே வேதியியல்தான். இரண்டாம் கையாக வாங்கும்போது தயாரித்த ஆண்டைக் கேளுங்கள். கொக்கி ஆணிகளைச் சுற்றியும் கணுக்கால் மடங்கும் இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் இருந்தால் பசையோ டேப்போ போட்டு ஒப்பேற்ற முடியாது. உள் லைனரில் பூஞ்சை வாடை மட்டும் என்றால் கழற்றி, மின்விசிறிக்கு நேராக இரண்டு நாள் வைத்தால் போதும். ஸ்கீ விளிம்பில் துருப் படிந்திருந்தால் விளிம்பு தேய்க்கும் ரப்பர் கல்லால் எடுத்துவிடலாம்.

பீக்கன் திரையில் எண் தாவுகிறது, அம்பு சுற்றுகிறது

பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் பீக்கன்கள் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. பக்கத்தில் வேறு மின்கருவி இருந்தால் அது குழம்பும். தூரம் 12 என்று காட்டிய எண் திடீரென 30 ஆகி மறுபடி 14 ஆனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கைப்பேசியை. அடுத்து ஸ்மார்ட் வாட்ச், கேமரா, பவர் பேங்க், சூடேற்றும் கையுறை. பீக்கன் அனுப்பும் நிலையில் இருக்கும்போது மற்றக் கருவிகள் அதிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், தேடும்போது 50 சென்டிமீட்டர். நெஞ்சுப்பையில் கைப்பேசி வைக்கும் பழக்கத்தை அன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

அடுத்தது பேட்டரி. கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான். பெரும்பாலான கருவிகளுக்கு அது ஆல்கலைன். எல்லாம் ஒரே நாளில் வாங்கிய புதியவையாக இருக்கட்டும். பருவம் முடிந்ததும் கழற்றி வையுங்கள். பேட்டரியோடு மறந்துபோன பீக்கனின் உள்ளே கசிந்து பச்சைப்பூத்திருந்தால் அதை நம்பி ஒருவர் உயிரை ஒப்படைக்கக் கூடாது.

பயிற்சியை வாய்ட் டெக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளாலேயே அம்பு அலையும். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கிலோ, பீஷான் பக்கம் திறந்த புல்வெளியிலோ போய்ச் செய்யுங்கள். ஒருவர் பீக்கனைப் பையில் போட்டு எங்கேயாவது வைக்கட்டும். மற்றவர்கள் திரும்பி நின்றுவிட்டுத் தேடட்டும். கடைசி மூன்று மீட்டரில் வேகத்தைக் குறைத்து, கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி மிகக் குறைந்த எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் பழக வேண்டிய பகுதி. நிமிர்ந்து நின்றபடி கையை வீசித் தேடுகிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் நேரம் ஓடிவிடுகிறது. புதைந்தவர் உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடத்துக்குப் பிறகு கிடுகிடுவென்று சரியும். அதற்குள் ஹெலிகாப்டர் வராது. பக்கத்தில் இருக்கும் நான்கு பேர்தான் எல்லாம்.

ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போது தொடை வெடவெடக்கிறது

புக்கிட் தீமா 163 மீட்டர்தான். ஆனால் வீவக படிக்கட்டு இருக்கிறது. 30 மாடி புளோக் ஏறினால் ஏறக்குறைய 85 மீட்டர். ஒன்பது முறை ஏறினால் அன்றைய ஏற்றம் கைக்கு வந்துவிடும். நம்மவர்கள் வழக்கமாக ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குகிறார்கள். தொடைக்கு வலு ஏற்றுவது இறங்கும் படிகள். முழங்கால் இடம் கொடுத்தால், பாதியாவது நடந்தே இறங்குங்கள், முதுகில் எட்டு கிலோ பையோடு.

முரோடோ வந்ததும் தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை

காலையில் தொயாமா நகரத்தில் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருந்திருப்பீர்கள். தாத்தேயாமா நிலையம் 475 மீட்டர். அங்கிருந்து கேபிள் காரில் பிஜோதைரா 977 மீட்டர். பிறகு பேருந்தில் முரோடோ 2,450. அரை நாளுக்குள் இவ்வளவு உயரம். தட்டையான ஊரிலிருந்து வரும் உடம்பு முனகுவதில் வியப்பில்லை.

தண்ணீர் குடித்து, மெதுவாக நடந்து, அன்று மது தொடாமல் சீக்கிரம் படுத்தால் பெரும்பாலும் காலைக்குள் தெளியும். பெனடால் வலியை மறைக்கும், காரணத்தைத் தீர்க்காது. காலையிலும் தலைவலியும் குமட்டலும் இருந்தால் அவர் அன்று மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ காத்திருக்க வேண்டாம், துணைக்கு ஒருவரோடு உடனே கீழே அனுப்புங்கள். முன்பு மலையில் தொந்தரவு வந்தவர்கள் கிளம்புமுன் மருத்துவரைப் பார்த்து மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்காகவே முந்தின நாள் முரோடோவில் ஏதாவதொரு மலைவிடுதியில் தங்கச் சொல்கிறேன். செலவு கூடத்தான், ஆனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கீழிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வருகிறவர்கள் கூட்டத்தில் நின்று மேலே சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். மே தொடக்கத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே பொழுது விடிகிறது. ஏழு மணிக்கு விடியும் ஊரில் பழகிய நமக்கு இது மண்டையில் ஏறவே ஒரு நாள் ஆகும். விடுதியில் தங்கினால் இறுகிய பனியில் ஆறு மணிக்கு நடையைத் தொடங்கலாம்.

வழியில் அழுகிய முட்டை வாடை அடித்தால் அது ஜிகோகுதானி பள்ளத்தின் எரிமலை வாயு. காற்றின் போக்கைப் பார்த்து விலகி நடங்கள். ஆஸ்துமா உள்ளவர் மூக்கை மூடிக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

காலையில் ஸ்கின் பிடிக்காமல் பின்னோக்கி வழுக்குகிறது

இறுகிய பனியில் இது இயல்பு. பதற்றத்தில் உடம்பை முன்னால் சாய்த்து முன்பாதத்தில் எடையைப் போடுகிறோம். குதிகால் தாங்கியையும் உயர்த்தி வைக்கிறோம். இரண்டும் சேர்ந்து ஸ்கின்னின் நடுப்பகுதியை பனியிலிருந்து விலக்கிவிடுகின்றன. தாங்கியை ஒரு படி இறக்குங்கள். நிமிர்ந்து நின்று குதிகாலில் எடையை வையுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து வையுங்கள். அப்படியும் வழுக்கினால் ஸ்கீ கிராம்பானை (பனியைக் கவ்வும் உலோகப் பற்கள்) மாட்டுங்கள். அதைத் தட்டையான இடத்திலேயே மாட்டிவிட வேண்டும். செங்குத்தில் ஒற்றைக்காலில் நின்றபடி பையைத் துழாவுகிற ஒருவரால் குழு முழுக்கத் தேங்கும்.

இச்சினோகோஷிக்கு மேல் ஓயாமா முகடு பாறையும் இறுகிய பனியுமாக எழும். அங்கே ஸ்கீயைப் பையில் கட்டிக்கொண்டு, பூட்டில் கிராம்பான், கையில் ஐஸ் ஆக்ஸ். இந்த இரண்டும் இல்லாதவர் கணவாயில் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து சறுக்கினாலும் அருமையான நாள்தான்.

பத்தடி நடந்தால் முன்பாதம் பைண்டிங்கிலிருந்து கழன்றுகொள்கிறது

மண்டியிட்டு அருகில் போய்ப் பாருங்கள். பூட்டின் மூக்கைக் கவ்வும் இரண்டு ஊசிகளுக்குப் பின்னால், லீவருக்கு அடியில் சுருள்வில்கள் இருக்கும். அங்கே பனி மிதிபட்டு மிதிபட்டு ஒரு கெட்டித் துண்டாக இறுகியிருக்கும். அந்தத் துண்டின் மேல் லீவர் உட்காருவதால் ஊசிகள் முழுக்க மூடாது. வெளியிலிருந்து பார்த்தால் மூடியதாகவே தோன்றும்.

ஸ்கீ போல் (ஊன்றுகோல்) முனையால் அந்தத் துண்டைக் குத்தி உதிர்த்துவிடுங்கள். பூட்டின் மூக்கில் இரு பக்கமும் இருக்கும் குழிகளைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டுங்கள். மாட்டியதும் லீவரை உடனே பூட்டாமல், குதிகாலை ஏழெட்டு முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். குழிக்குள் மிஞ்சிய பனித்தூள் வெளியே வந்துவிடும். பிறகு லீவரை மேலே இழுத்துப் பூட்டுங்கள். ஒரே ஒரு கிளிக்கோடு நின்றால் இன்னும் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பொருள், திரும்பச் செய்யுங்கள். ஃபிளாஸ்க்கில் இருக்கும் தேநீரை ஊற்றி இளக்க வேண்டாம், நிழலுக்குப் போனதும் அதுவே உறைந்து இன்னும் கெட்டியாகும்.

குதிகாலில் சுரீரென்கிறது

அந்த நிமிடமே நில்லுங்கள். பூட்டைக் கழற்றி, துடைத்து, டேப் ஒட்டி, உலர்ந்த சாக்ஸ் மாட்டி நடங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டும் டேப்பால் பெரிய பயன் இல்லை.

ஸ்கீயின் அடியில் பனி கட்டிகட்டியாகத் திரண்டு கால் தூக்க முடியவில்லை

இது பருவக் கடைசிக்கே உரிய தொல்லை. வெயில் பட்ட இடத்தில் ஸ்கின்னின் மயிர் நனைகிறது. அப்படியே நிழலுக்குள் போனதும் அந்த ஈரம் உறைந்து, மிதிக்கும் பனியையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. நான்கு அடியில் காலடியில் செங்கல் உயரத்துக்கு ஏறிவிடும். ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கினால் தொடை மட்டுமல்ல, இடுப்பே கழன்றுவிடும்.

தட்டினால் உதிராது. ஸ்கீயைப் புரட்டி, மற்ற ஸ்கீயின் உலோக விளிம்பால் முன்னிருந்து பின்னாக, மயிரின் போக்கிலேயே வழியுங்கள். பிறகு ஸ்கின் வாக்ஸை அதே திசையில் அழுத்தித் தேயுங்கள். ஈரமாக இருந்தாலும் கொஞ்சம் ஏறும். ஆனால் இதைக் காலையில், ஸ்கின் உலர்ந்திருக்கும்போதே செய்திருந்தால் பாதித் தொல்லை வராது. விடுதியை விட்டுக் கிளம்புமுன் எல்லோரும் தேய்ப்பதை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையில் வாக்ஸ் இருந்து, அவர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தால் பயனில்லை. ஆளுக்கொரு துண்டு வேண்டும்.

ஸ்கின்னின் வால் உரிந்து தொங்கினால் அது வேறு சிக்கல். பசைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பனியைச் சுரண்டி, பசைப்பக்கத்தை உலர்ந்த துணியால் ஒற்றி, மடித்துச் சட்டைக்குள் வயிற்றோடு ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கீயின் அடியையும் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். அப்புறமும் பிடிவாதம் பிடித்தால் ரப்பர் ஸ்கீ ஸ்ட்ராப்பால் வாலோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு ஸ்ட்ராப் கட்டாயம். உடைந்த போல், அறுந்த பூட் கொக்கி, பையின் வார் என்று அன்றைக்கு அது தாங்கிப் பிடிக்காத பொருளே இல்லை.

குழு நீண்டுவிட்டது, பின்னால் வருபவர் பேச்சை நிறுத்திவிட்டார்

கருவிப் பழுதுகளைவிட இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். காலையில் பாட்டும் பேச்சுமாக வந்தவர் வாயை மூடிக்கொண்டு தலை குனிந்து நடந்தால் அவருக்கு ஏதோ ஆகிறது. பசியாக இருக்கலாம், உயர நோயாக இருக்கலாம், காலில் கொப்புளமாக இருக்கலாம். பயமாகவும் இருக்கலாம். முன்னால் போகிறவர்கள் ஓரிடத்தில் நின்று இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். நாள் முழுக்க ஓய்வே கிடைக்காதவர் அவர்தான். ஆகவே கடைசி ஆள் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஏதாவது மென்ற பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். முறுக்கு, பேரீச்சம்பழம், கச்சான், வாயில் போட்டதும் இறங்குவதாக எதுவும் சரி.

"சரியா இருக்கீங்களா?" என்று கேட்டால் "ஆங், சரிதான்" என்றுதான் பதில் வரும். "அக்கா, கடைசியா எப்போ சாப்பிட்டீங்க? பூட்டைக் கழட்டிப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வெளிவரும்.

நம் குழுக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மூத்தவர், பலமுறை போய்வந்தவர் முன்னால் நடக்கிறார். இளையவர் ஒருவருக்குச் சரிவைப் பார்த்து மனம் ஒப்பவில்லை. "அண்ணனுக்குத் தெரியாததா" என்று விட்டுவிடுகிறார். இந்த மரியாதையை அன்று காலை விடுதியிலேயே கழற்றி வைக்கச் சொல்ல வேண்டியவர் அந்த அண்ணன்தான். "எந்தத் தம்பி திரும்பலாம்னு சொன்னாலும் திரும்பறோம். காரணம் அப்புறம் பேசிக்கலாம்." இதை அவர் வாயாலேயே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதோடு திரும்பும் நேரத்தையும் அறிவித்துவிட வேண்டும். பத்தரைக்கு எங்கே இருந்தாலும் ஏற்றம் நிற்கும் என்றால், உச்சி நூறு மீட்டரில் தெரிந்தாலும் நிற்கும்.

காலடியில் பனி புதைகிறது, சரிவில் உருண்டைகள் தானாக உருள்கின்றன

சரிவு உங்களைத் திரும்பச் சொல்கிறது. மேலிருந்து சக்கரம் போலச் சுருண்டு இறங்கும் பனி உருண்டைகள், மேற்பரப்புக்குள் தண்ணீர் இறங்கித் துகள்களின் பிடிப்பு தளர்வதற்கு அடையாளம். ஸ்கீயைக் கழற்றி நின்று பாருங்கள். பூட் கணுக்கால் வரை புதைந்தால் நேரம் நெருங்கிவிட்டது, கெண்டைக்கால் வரை என்றால் தாண்டிவிட்டது. காலடியில் பொத்தென்று அமுங்கும் ஓசை கேட்டாலோ, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, அந்தச் சரிவைவிட்டு வந்த தடத்திலேயே விலகுங்கள்.

உண்மையில் முதல் தீர்ப்பு விடியலிலேயே வந்துவிடுகிறது. இரவு மேகம் மூடியிருந்தாலோ மழை பெய்திருந்தாலோ பனி உறைந்திருக்காது. விடுதி வாசலில் போலைக் குத்துங்கள். தட்டென்று நின்றால் நல்லது. சுலபமாக இறங்கினால் அன்று உச்சி வேண்டாம். முரோடோவைச் சுற்றியுள்ள மென்சரிவில் பயிற்சி செய்யுங்கள், பேருந்துச் சாலையோரப் பனிச்சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

திசையையும் கணக்கில் எடுங்கள். கிழக்குப் பார்த்த சரிவு முதலில் இளகும், அடுத்து தெற்கு, கடைசியில் மேற்கு. யாமாசாகி பள்ளம் மேற்குப் பக்கம். ஆகவே அதிகாலையில் அங்கே பனி கல்லாக இருக்கும், விழுந்தால் நிறுத்த முடியாது. வெயில் பட்டு மேற்பரப்பு இளகத் தொடங்கும் முற்பகல் பிற்பாதிதான் அதற்கு நேரம். அதற்கு முன்னும் ஆபத்து, வெகுநேரம் கழித்தும் ஆபத்து. ஓயாமாவில் சீக்கிரம் சேர்ந்துவிட்டால் உட்கார்ந்து காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு வீணல்ல.

இறங்கும்போது ஒருவர் பின் ஒருவராக. ஒருவர் சறுக்கி, பாறை மறைவிலோ முகட்டிலோ பாதுகாப்பாக நின்று கையசைத்த பிறகுதான் அடுத்தவர். காற்றில் கூரைபோல் முகட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் பனி விளிம்பின் மேலும் கீழும் நிற்காதீர்கள். சரிவில் குறுக்கே வாய்பிளந்த விரிசல் இருந்தால் அதன் கீழ்ப்பக்கம் வழி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை ராய்ச்சோசாவா திடலில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மலைத்தொடர் சுற்றுலாத் தலமாகத் தெரிவதால் அசட்டை வருவது இயல்பு. 2013 நவம்பர் 23 அன்று ஓயாமாவுக்கு அருகிலேயே மாசாகோதாக்கே சரிவில் ஒரே பனிச்சரிவில் 7 பேர் இறந்தார்கள். முரோடோவில் மலையேறுவோர் தரும் பயணத் திட்டப் படிவத்தை ஒப்புக்கு நிரப்பாமல், எந்தச் சரிவு, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று நேர்மையாக எழுதுங்கள்.

எதிரே இருப்பவர் முதுகே தெரியவில்லை

மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். சறுக்குவதை நிறுத்துங்கள். நிற்கிறோமா நகர்கிறோமா என்பதே தெரியாது. எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் சேர்ந்து, சிங்கப்பூரிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்த வரைபடத்தைப் பார்த்து, ஸ்கீ நீளம் இடைவெளியில் நடங்கள். முரோடோ சமவெளியில் விடுதிகளுக்கு இடையே நட்டிருக்கும் மூங்கில் கம்புகளைக் கண்டுபிடித்தால் விட்டுவிடாதீர்கள். அடுத்த கம்பு தெரியாவிட்டால் ஒருவர் கம்படியில் நிற்க, மற்றவர் குரல் கேட்கும் தூரத்துக்குள் மட்டும் போய்த் தேடட்டும்.

சறுக்கும்போது யாரோ காலைப் பிடித்து இழுப்பதுபோல் ஸ்கீ நின்றுவிடுகிறது

வசந்த காலத்தில் ஆசியக் கண்டத்திலிருந்து பறந்து வரும் மஞ்சள் தூசி படிந்த பனி. பழுப்பேறிய பட்டைகளாகக் கண்ணுக்கே தெரியும். சூட்டை உறிஞ்சிச் சீக்கிரம் நனையும், ஸ்கீயைப் பற்றிக்கொள்ளும். வெண்மையான இடம் பார்த்து வழியை மாற்றுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து, எடையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். முந்தின இரவு வெப்பநிலைக்கேற்ற வாக்ஸ் போட்டவர்களுக்கு இந்த வம்பு குறைவு.

ஒருவர் முழங்காலைத் திருகிக்கொண்டு விழுந்துவிட்டார்

முதலில் மேலே பாருங்கள், நிற்கும் இடம் பாதுகாப்பானதா என்று. பிறகு பனியிலிருந்து உடம்பைப் பிரியுங்கள்: பை, ஸ்கின், கயிறு, எது கிடைத்தாலும் அடியில் போட்டு, இருக்கும் ஜாக்கெட்டையெல்லாம் மேலே போர்த்துங்கள். வெயிலடித்தாலும் அரை மணியில் நடுக்கம் வரும். தொயாமாவில் மலை மீட்பைப் பார்ப்பது காவல்துறை, எண் 110. இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைத் திரையில் தயாராக வைத்துக்கொண்டு அழையுங்கள். பயணக் காப்புறுதி வாங்கும்போதே, குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே ஸ்கீ செய்வதும் மலை மீட்பும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சாதாரணத் திட்டங்கள் பலவற்றில் இவை விலக்கு.

ராய்ச்சோசாவாவில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், எழ மனமில்லை

திட்டம் போடும்போது பலரும் விட்டுவிடும் பகுதி இது. சறுக்கல் முடிந்தது, சிரிப்பும் படமுமாக மனம் நாளை முடித்துவிட்டது. ஆனால் முரோடோ இன்னும் 170 மீட்டர் மேலே இருக்கிறது. ஸ்கின் நனைந்திருக்கும், பனி குழைந்திருக்கும், கடைசிப் பேருந்துக்கு வரிசை வளர்ந்துகொண்டிருக்கும். ஜப்பானின் கோல்டன் வீக் தொடர்விடுமுறை நாள்களில் அந்த வரிசை லேசானதல்ல. சறுக்கத் தொடங்குமுன்பே ஸ்கின்னைச் சட்டைக்குள் வைத்திருந்தால் இங்கே அது உலர்ந்து ஒட்டும். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீரும் ஒரு கைப்பிடித் தின்பண்டமும் இந்த ஏற்றத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள். கடைசிப் பேருந்து நேரம் நாளுக்கு நாள் மாறலாம். காலையிலேயே பார்த்து எல்லோர் கைப்பேசியிலும் அலாரம் வைத்துவிடுங்கள்.

இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் உறுத்துகிறது

பனியில் பட்டுத் திரும்பிய புற ஊதாக் கதிர் கண்மணியின் மேற்பரப்பைச் சுட்டிருக்கிறது. வலி உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். புதுப்பனி இந்தக் கதிர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். மேகமூட்டத்திலும் தப்பாது. மூச்சு வாங்குகிறது, கண்ணாடி வேர்க்கிறது என்று ஏற்றத்தில் கழற்றியவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது வரும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள், அறையை இருட்டாக்கி ஈரத்துணி போட்டுப் படுங்கள். ஓரிரு நாளில் ஆறிவிடும். பார்வை மங்கினாலோ வலி கூடினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் வெயிலில் அவரை ஸ்கீ செய்ய விடாதீர்கள்.

நம் நிறத்துக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு சொல். கீழிருந்து வரும் வெயில் மூக்குத் துவாரத்தின் உட்புறம், தாடையின் அடிப்பக்கம், உதடு, காதுமடலின் பின்புறம் எல்லாவற்றையும் சுடும். உதடு வெடித்தவருக்கு இரண்டு நாள் ரசம்கூட எரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீர் குடிக்க நிற்கும்போதெல்லாம், ஒருவர் குப்பியை எடுத்து வரிசையாக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வரட்டும்.